அமெரிக்கக் குதிரைப்படை வாளின் ‘கண்டிஷன்’: புதிதாக வாங்குபவருக்கு ஓர் அறிமுகம்

இரண்டு வாள்கள் ஒரே மேசையில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 1864 என்ற முத்திரை இருக்கிறது. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. ஒன்றின் அலகில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. பித்தளைக் கைக்காப்பும் தங்கம் மாதிரி மின்னுகிறது. இன்னொன்றின் அலகு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கிறது, ஆங்காங்கே கருந்திட்டுகள். பித்தளை பழுப்பேறிக் கிடக்கிறது. கைப்பிடித் தோலில் ஓரிடம் தேய்ந்து உள்ளே இருக்கும் மரம் தெரிகிறது. பழம்பொருள் பழக்கம் இல்லாதவர் முதல் வாளைத்தான் கையில் எடுப்பார். சேகரிப்பாளர் இரண்டாவதை எடுப்பார், அதற்குக் கூடுதல் விலையும் கொடுப்பார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அந்த வாளில் எத்தனை பேர் கைவைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. காலம் தேய்த்த தேய்ப்பை அவர் பொறுத்துக்கொள்வார். யாரோ உட்கார்ந்து தேய்த்ததைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். ‘கண்டிஷன்’ என்று ஏலக் குறிப்புகளில் வருவதெல்லாம் கடைசியில் இந்த வேறுபாட்டில்தான் வந்து நிற்கிறது.

எந்த வாளைப் பற்றிப் பேசுகிறோம்

அமெரிக்கக் குதிரைப்படை வாள் என்று சந்தையில் சொன்னால் பெரும்பாலும் இரண்டு மாடல்கள்தான். 1840 மாடல் கனரக வாள் ஒன்று, 1860 மாடல் இலகுரக வாள் இன்னொன்று. இரண்டும் வளைந்த அலகுள்ள சேபர் வகை. 1840 மாடல் பிரெஞ்சுக் குதிரைப்படையின் 1822 மாடலைப் பார்த்துச் செய்தது. கனம் அதிகம் என்பதால் ‘மணிக்கட்டு முறிப்பான்’ என்று பட்டப்பெயரே வாங்கிவிட்டது. அதன் அலகு அடியில் ஒன்றேகால் அங்குல அகலம். அடுத்து வந்த 1860 மாடலில் அதை ஓர் அங்குலமாகக் குறைத்தார்கள். நீளத்தில் பெரிய மாற்றமில்லை, 35 அங்குலத்தை ஒட்டித்தான். புதிய மாடலின் கைப்பிடி நடுவில் கொஞ்சம் பருத்திருக்கும், உள்ளங்கையில் நன்றாக உட்காரும்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பு அரசு மிகப் பெரிய எண்ணிக்கையில் வாங்கியது இந்த 1860 மாடலைத்தான். முக்கியத் தயாரிப்பாளர் மாசசூசெட்ஸ் மாநிலம் சிக்கோபி ஊரின் ஏம்ஸ் நிறுவனம். வாள் மட்டுமல்ல, பீரங்கியும் வெண்கல வார்ப்பும் அவர்கள் வேலைதான். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் செனட் பக்க வெண்கலக் கதவுகளை வார்த்தவர்கள் இவர்களே. போர் பெரிதானபோது ஒரு தொழிற்சாலை போதவில்லை. ரோட் ஐலண்டின் மான்ஸ்ஃபீல்ட் அண்ட் லாம்ப், மாசசூசெட்ஸின் ரோபி, நியூ ஜெர்சி டிரென்டன் நகரின் எமர்சன் அண்ட் சில்வர் எனப் பலருக்கும் ஒப்பந்தம் போனது. ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கின.

போர் முடிந்த 1865இல் அரசு ஒரு உத்தரவு போட்டது. வீடு திரும்பும் சிப்பாய் விரும்பினால் தன் ஆயுதத்தைப் பணம் கட்டி எடுத்துப் போகலாம். வாளுக்கு 3 டாலர். ஸ்பென்சர் கார்பைன் துப்பாக்கிக்கு 10 டாலர். மூன்று டாலர்தானே என்று எடுத்துப் போனவர்கள் ஏராளம். அப்புறம் ஆயுதக் கிடங்குகளில் மிஞ்சியதை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்ற வியாபாரிகள் வந்தார்கள். அவர்களில் பெரிய ஆள் நியூயார்க்கின் பிரான்சிஸ் பேனர்மேன். சரக்கு வைக்க நகரத்தில் இடம் போதாமல் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே வாங்கிக் கோட்டை மாதிரிக் கிடங்கு கட்டியவர்.

ஆக, 1860 மாடல் வாள் அரிய பொருளே அல்ல. அரிய பொருளாக இருந்தால் நிலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வாங்க ஆள் உண்டு. நிறையக் கிடைக்கும் பொருளில் நிலைதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரே ஆண்டு, ஒரே தயாரிப்பாளர், ஒரே மாடல் என்று இருக்கும் இரண்டு வாள்களில் ஒன்று சில நூறு டாலருக்கும் இன்னொன்று ஆயிரத்தைத் தாண்டியும் போவது இதனால்தான்.

அலகைப் பார்க்கும் முறை

வாளை உறையிலிருந்து உருவியதும் முதலில் கைப்பிடிக்கு மிக அருகில் இருக்கும் அலகின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஏம்ஸ் வாளில் ஒரு பக்கம் நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருக்கும். மறுபக்கம் யு.எஸ். என்ற எழுத்துகள், ஆண்டு, பிறகு அரசு ஆய்வாளரின் பெயர் முதலெழுத்துகள். வாள்களைச் சோதித்து, தேறியவற்றின் மேல் ஆய்வாளர் போட்ட முத்திரை அது. அலகில் மட்டும் நிற்காமல் கைக்காப்பிலும் உறையின் அடிக்காப்பிலும்கூடச் சின்ன எழுத்துகள் இருக்கலாம்.

அந்த எழுத்துகளை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உளி இறங்கியது போல விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, சோப்பில் எழுதியது போல மழுங்கி இருக்கின்றனவா? மழுங்கியிருந்தால் யாரோ மின்சாரச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். சக்கரம் துருவை மட்டும் எடுக்காது, இரும்பையும் எடுக்கும். எழுத்து அரைகுறையாகும், ஆண்டின் கடைசி இலக்கம் காணாமல் போகும். அலகின் நெடுக ஓடும் பள்ளம் ஒன்று இருக்கிறதே, அதன் கரைகளும் உருண்டு போகும். செய்தபோது அந்தக் கரை கோடு போட்டது மாதிரி நேராக, விரலில் தட்டுப்படும்படி இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே தேய்த்த வாளைப் பல நேரம் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து கீறல்கள். உறையின் வாயில் அலகை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சிறிய தகட்டுப் பட்டைகள் இருக்கும். வாளை உருவி உருவிச் செருகும்போது அவை அலகின் மேல் நெடுக்குக் கோடுகளை உண்டாக்கும். அது நேர்மையான தேய்மானம். அலகுக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் உப்புத்தாள் வேலை. இது ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளக் கூடிய விஷயம், ஆனால் புதியவர்கள் பலர் பார்ப்பதே இல்லை.

துருவில் இரண்டு சாதி உண்டு. ஒன்று கருப்பு அல்லது அடர்பழுப்பு நிறத்தில் இரும்போடு ஒட்டிப்போய் அடங்கிக் கிடப்பது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் ஏதும் வராது. இன்னொன்று செம்மஞ்சள் பொடியாக உதிர்வது. துணியில் நிறம் ஒட்டினால் அங்கே அரிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முதல் வகை இருந்தால் வாளின் மதிப்பு பெரிதாகக் குறையாது, பலருக்கு அதுதான் பிடிக்கும். இரண்டாவது வகை இருந்தால் வாங்கிய அன்றே கவனிக்க வேண்டும்.

துரு ஆழமாகத் தின்றால் குழி விழும். மிளகுத்தூளைத் தூவியது போன்ற சிறு புள்ளிகள் நூற்றைம்பது வயதுக்குப் பழுதில்லை. நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் கூட்டமாக இருந்தால் விலை சட்டென்று இறங்கும், ஏனென்றால் அதற்கு மருந்து கிடையாது. குழிகளின் அடி கருப்பாகவும் சுற்றியுள்ள மேற்பரப்பு மட்டும் பளிச்சென்றும் இருந்தால் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். மேலே தேய்த்திருக்கிறார்கள், குழிக்குள் தேய்ப்பான் எட்டவில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே பளபளக்கும் பழைய வாள்களும் உண்டு. போர் முடியும் தறுவாயில் செய்து, எந்தச் சிப்பாயின் இடுப்பிலும் ஏறாமல், கிடங்கில் எண்ணெய் பூசியபடி கிடந்து, பிறகு பேனர்மேன் போன்றவர்கள் வழியாக வெளியே வந்தவை. அவற்றின் அலகில் தொழிற்சாலையில் மெருகேற்றிய தடம் அப்படியே இருக்கும். எழுத்துகள் கூர்மையாகவும் தோல் முழுதாகவும் இருக்கும், பித்தளை மட்டும் தானாக மங்கியிருக்கும். எல்லாப் பகுதிகளும் ஒரே மாதிரி வயதாகியிருக்கின்றனவா என்பதுதான் சோதனை. அலகு புதுசு போலவும் உறை கரிய துருவோடும் கைப்பிடி கிழிந்தும் இருந்தால் கதை ஒத்துப்போகவில்லை.

கூர் இருக்க வேண்டுமா?

புதியவர்கள் கட்டை விரலால் வெட்டும் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு ‘மொட்டையாக இருக்கிறதே’ என்று முகம் சுளிப்பார்கள். சிப்பாய்களுக்கு இந்த வாள்களைக் கூர் தீட்டாமல்தான் கொடுத்தார்கள். களத்துக்குப் போகும் முன் சில படைப்பிரிவுகள் தீட்டிக்கொண்டன, பல தீட்டவே இல்லை. போதாக்குறைக்கு உறையும் இரும்பு. ஒவ்வொரு முறை உருவும்போதும் செருகும்போதும் இரும்பு இரும்போடு உரசினால் தீட்டிய கூரும் நிற்காது. ஐரோப்பியப் படைகளிலும் இதே தொல்லைதான். 1850களில் நோலன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்களுடைய வாள் ஒரே வீச்சில் கையைத் துண்டாக்கியதைக் கேட்டு, அப்படி என்ன வாள் என்று விசாரித்தாராம். அலகுகள் எல்லாம் ஆங்கிலேயப் படை கழித்துப் போட்டவைதான். நிஜாமின் வீரர்கள் அதைச் சவரக்கத்தி போலத் தீட்டி மர உறையில் வைத்திருந்தார்கள், சண்டையில் அல்லாமல் வெளியே எடுப்பதில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே மொட்டையான முனை குறை அல்ல. தீட்டிய முனை இருந்தால் அது போர்க் காலத்துத் தீட்டலா, பின்னாளில் பண்ணை வீட்டில் யாரோ செய்ததா என்று பார்க்க வேண்டும். முனை நெடுகிலும் சீராக, அலகின் மற்ற இடங்களைப் போலவே மங்கிப்போய் இருந்தால் பழையது. அரைக்கும் சக்கரத்தில் வைத்தது போல மேடு பள்ளமாக, வெளிர் நிறத்தில் இருந்தால் புதியது. சோளத்தட்டை வெட்டுவதற்காக அலகையே பாதியாக நறுக்கிய வாள்களும் உண்டு. பார்க்கும்போது வயிறெரியும்.

முனையில் உள்ள வெட்டுக்காயங்களை, அதாவது சிறு பிசிறுகளை, விற்பவர்கள் ‘போர்த் தழும்பு’ என்று சொல்லாமல் இருக்கவே மாட்டார்கள். பேரன்கள் இரண்டு வாள்களை எடுத்துக் கொல்லைப்புறத்தில் மோதி விளையாடினாலும் அதே தழும்புதான் விழும். வர்ஜீனியாவின் பிராண்டி ஸ்டேஷனில் 1863 ஜூன் 9 அன்று நடந்தது போன்ற பெரிய குதிரைப்படைச் சண்டைகளில் வாள்கள் மோதியது உண்மை. ஆனால் உள்நாட்டுப் போரின் காயங்களில் மிகப் பெரும்பாலானவை தோட்டாவாலும் குண்டாலும் வந்தவை, வாளால் வந்தவை மிகச் சொற்பம். என் கணக்கில் ஒரு பிசிறு என்பது ஒரு பிசிறு, அதற்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

கைப்பிடி, கைக்காப்பு, தோல் வளையம்

கைப்பிடி மரத்தால் ஆனது. அதன் மேல் தோல், தோலின் மேல் முறுக்கிய பித்தளைக் கம்பிச் சுற்று. வாளில் முதலில் போவது இந்தத் தோல்தான். விவரக் குறிப்புகளில் ‘தோல் தொண்ணூறு சதவீதம்’ என்று எழுதுவது மிச்சமுள்ள பரப்பைத்தான். கம்பி முழுதாக, இறுக்கமாக இருப்பது இன்னும் முக்கியம். தோல் சுருங்கினால் கம்பி தளர்ந்து நழுவும், நழுவியதைக் கழற்றி வீசிவிடுவார்கள். புதிய தோல் போட்ட வாளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கம்பி ஓடும் பள்ளங்களின் ஓரத்தில் நூற்றாண்டு அழுக்கு படிந்து கருத்த கோடு இருக்க வேண்டும். புதிய தோலில் அது இருக்காது, நிறமும் ஒரே சீராக இருக்கும். தோல் முழுவதும் போய் வெறும் மரம் தெரிந்தாலும் பரவாயில்லை, புதுத்தோல் போட்டதை விட அது மேல் என்பது என் கட்சி. இதில் எல்லா சேகரிப்பாளர்களும் ஒத்துப்போவதில்லை.

கைக்காப்பு வார்ப்புப் பித்தளை. விரல்களைக் காக்க வளைந்து வரும் முதன்மை வளைவும் பக்கவாட்டில் இரண்டு கிளைகளும் உண்டு. வாள் கீழே விழுந்தால் முதலில் வளைவது இந்தக் கிளைகள்தான். வளைந்ததை நிமிர்த்த முயன்றால் பித்தளை ஒடியும். பிறகு பற்றவைப்பார்கள், பற்றவைத்த இடம் நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பித்தளையின் நிறம் பற்றி நமக்கு ஒரு மனத்தடை இருக்கும். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைப்பதுதான் மரியாதை. இங்கே நேர் எதிர். மெல்ல மெல்லப் படிந்த அந்தப் பழுப்பு நிறம் வாளின் வயதுக்குச் சாட்சி. ஒரு முறை தேய்த்துவிட்டால் திரும்ப வர ஒரு தலைமுறை ஆகும். மருந்து போட்டு அவசரமாகக் கருக்க வைத்தால் பழகிய கண் ஏமாறாது. கைபடும் மேடுகளும் கைபடாத மூலைகளும் ஒரே அளவு கருத்திருக்கும், இயற்கையில் அப்படி நடப்பதில்லை.

கைப்பிடியின் உச்சியில் உள்ள பித்தளைக் குமிழைப் பாருங்கள். அலகின் வால் கைப்பிடிக்கு உள்ளே ஓடி, குமிழின் துளை வழியாக வெளியே வந்து, சுத்தியலால் தட்டி விரித்து மூடப்பட்டிருக்கும். இரும்பும் பித்தளையும் சேரும் அந்தச் சிறு வட்டம் வாளின் சீல் மாதிரி. அதைச் சுற்றிப் புதுச் சுத்தியல் அடிகளோ அரம் ஓடிய கீறல்களோ இருந்தால் வாளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். வேறு வாளின் அலகை மாட்டியிருக்கலாம், தோல் மாற்றியிருக்கலாம். அங்கே ஒரு நட்டும் மரையும் இருந்தால் பேச்சே வேண்டாம், அது இந்தக் காலத்து நகல்.

அலகு கைக்காப்பைத் தொடும் இடத்தில் ஒரு தோல் வளையம் இருக்கும், பைப் வாஷர் போல மெல்லிய துண்டு. உறைக்குள் மழைநீர் இறங்காமல் தடுக்கப் போட்டது. பெரும்பாலான வாள்களில் அது உதிர்ந்து போயிருக்கும். இருந்தால் நல்ல அறிகுறி. புதிதாக வெட்டிப் போட்ட வளையங்களும் விற்பனைக்கு வருவதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உறை

இரும்பு உறையில் ஒடுக்கு விழாமல் இருப்பது அபூர்வம். குதிரை மேலிருந்து தொங்கி, சேணத்தில் மோதி, முகாமில் மிதிபட்டு வந்த பொருள். சிறு ஒடுக்கு பரவாயில்லை. அலகு உள்ளே போகாமல் தடுக்கும் ஒடுக்கு இருந்தால்தான் கவலை. தொங்கவிடும் வளையங்கள் இரண்டும் இருக்கின்றனவா, வாயில் உள்ள தகடும் அதைப் பிடிக்கும் திருகுகளும் இருக்கின்றனவா, அடிக்காப்பு தரையில் இழுபட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

உறையும் வாளும் ஒரே ஜோடியா என்று கேட்பார்கள். இதில் நான் அவ்வளவு கறார் இல்லை. போர் முகாமில் யார் உறை யாரிடம் போனது என்று எவரும் கணக்கு வைக்கவில்லை, கிடங்குகளிலும் கிடைத்ததைப் பொருத்தினார்கள். ஆனால் மாடல் பொருந்த வேண்டும். அகலமான 1840 மாடல் அலகு 1860 மாடல் உறைக்குள் ஒழுங்காக இறங்காது. 1860 மாடல் அலகு 1840 மாடல் உறைக்குள் கடகடவென்று ஆடும். வாளைச் செருகி லேசாகக் குலுக்கினால் தெரிந்துவிடும்.

சில வாள்களும் உறைகளும் வெள்ளி போல ஜொலிக்கும், தேய்த்த அடையாளமும் இருக்காது. அது நிக்கல் முலாம். போருக்குப் பின் முன்னாள் வீரர்கள் சங்கம் சங்கமாகக் கூடி அணிவகுப்பு நடத்தினார்கள், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பழைய வாள்களுக்கு முலாம் பூசிக்கொண்டார்கள். அதுவும் வாளின் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்று வாதிடலாம். சந்தை அப்படி நினைப்பதில்லை, விலையைக் குறைத்துவிடும். முலாமை உரித்து எடுக்க முயல்வது அதைவிடப் பெரிய தப்பு.

தரச் சொற்கள்

அமெரிக்காவில் தேசிய ரைஃபிள் சங்கம் பழைய துப்பாக்கிகளுக்கென்று ஒரு தர வரிசை வைத்திருக்கிறது. உச்சத்தில் தொழிற்சாலைப் புதுசு, பிறகு எக்ஸலன்ட், ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். வாள் விற்பவர்களும் இந்தச் சொற்களையே கடன் வாங்குகிறார்கள். துப்பாக்கிக்கு எழுதிய விதிகள் வாளுக்கு அப்படியே பொருந்தாது என்பதால் ஒருவர் ‘ஃபைன்’ என்பது இன்னொருவருக்கு ‘குட்’. இதில் ‘குட்’ என்பது கிட்டத்தட்ட அடியில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல வாள் என்று அதற்குப் பொருள் கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு. தரச் சொல்லைப் படிப்பதை விட்டுவிட்டு, படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது உத்தமம். கேட்க வேண்டிய படங்கள்: முத்திரைகள் இரண்டு பக்கமும், குமிழின் உச்சி, கைப்பிடி நாலு பக்கமும், அலகின் நுனி, உறையின் வாய். இவற்றைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

பெயர், கதை, தெற்கத்தி வாள்

அலகிலோ உறையிலோ ஒரு சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழாகும். குழி விழுந்த, தோல் உரிந்த வாளும் நல்ல விலைக்குப் போகும். வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் போர்வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் அந்தப் படைப்பிரிவில் ஒருவர் இருந்தாரா என்று சரிபார்க்கலாம். ஆனால் ஏமாற்றுபவரும் அதே பதிவுகளிலிருந்துதான் பெயர் பொறுக்குகிறார். எனவே பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, பொறித்த கோட்டுக்குள்ளும் வயது தெரிய வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் சுற்றியுள்ள இரும்பின் அதே கருமை இருக்கிறதா, ஒரு துருக்குழியின் குறுக்கே கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். குழி விழுந்த பிறகு அதன் மேல் ஓடிய கோடு 1863இல் பொறித்ததாக இருக்க முடியாது.

எழுத்தில்லாத வாய்மொழிக் கதைகளுக்கு நான் ஒரு டாலரும் கூடுதலாகத் தர மாட்டேன். அமெரிக்கப் பழங்குடியினரோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்கு, அங்கே மாண்ட குதிரைப்படைத் தளபதி கஸ்டரோடு போன வாள் என்று அவ்வப்போது ஒன்று விற்பனைக்கு வரும். 1876 ஜூன் 25 அன்று அந்தச் சண்டைக்குப் போன 7ஆவது குதிரைப்படை, வாள்களைப் பெட்டியில் போட்டுப் பவுடர் ஆற்று முகாமில் விட்டுவிட்டுத்தான் புறப்பட்டது.

தெற்குத் தரப்பான கான்ஃபெடரேட் வாள்கள் தனி உலகம். தெற்கில் தொழிற்சாலைகள் குறைவு. ஜார்ஜியாவின் கொலம்பஸில் ஹைமன், ரிச்மண்டில் பாயில் அண்ட் காம்பிள் என்று சிலர் இருந்த சாமானை வைத்துச் செய்தார்கள். வார்ப்பில் ஓட்டை, அலகின் பள்ளம் கோணல், கைப்பிடியில் பித்தளைக் கம்பிக்குப் பதில் இரும்புக் கம்பி. இவையெல்லாம் அங்கே பிறவிக் குறிகள், பழுதுகள் அல்ல. எண்ணிக்கை குறைவு என்பதால் விலை பல மடங்கு, போலிகளும் அதே அளவுக்குப் பல மடங்கு. தொடக்கக்காரர் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது.

1913 மாடல் நேர்வாள் ஒன்றும் உண்டு, பின்னாளில் ஜெனரலான ஜார்ஜ் பேட்டன் வடிவமைத்தது. அதில் பெரும்பங்கு முதல் உலகப் போர் நேரத்தில் செய்யப்பட்டு உருவப்படாமலே கிடந்தது. 1934இல் குதிரைப்படை வாளையே கைவிட்டது. அதனால் அந்த மாடலில் நல்ல நிலையில் உள்ளவை சாதாரணமாகக் கிடைக்கின்றன, சுமாரானதை வாங்கக் காரணமே இல்லை.

நகல்கள்

உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் குழுக்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. அவர்களுக்காகச் செய்யும் நகல் வாள்களில் கணிசமானவை நம் நாட்டில், டேராடூன் பக்கம் செய்து ஏற்றுமதியாகின்றன. நகல் என்றே சொல்லி விற்பவை அவை, அதில் குற்றமில்லை. இரண்டு கை மாறிய பிறகு யாரோ ஒருவர் அமிலத்தில் நனைத்து, மண்ணில் புதைத்து எடுத்து, தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது என்று கதை கட்டும்போதுதான் சிக்கல். அசல் அலகு அடியில் தடிமனாகத் தொடங்கி நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். நகல்களில் பல, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே தடிமனில், தகட்டை வெட்டியது மாதிரி இருக்கும். கையில் பிடித்தால் நுனி கனக்கும். ஒருமுறை அசலைத் தூக்கிப் பார்த்தவருக்கு இந்த வேறுபாடு மறக்காது. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு கண்காட்சிக்கோ பழம்பொருள் கடைக்காரரிடமோ போய், வாங்கும் எண்ணம் இல்லாமலே, அனுமதி கேட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

சரி, வாங்கியாகிவிட்டது. இனி உங்கள் கையும் அதன் வரலாற்றில் சேரப் போகிறது, அதனால் முடிந்தவரை குறைவாகச் செய்யுங்கள். வியர்வையில் உள்ள உப்பு இரும்பில் விரல் ரேகையையே துருவாகப் பதித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொட்ட இடத்தைத் துடைத்துவிடுங்கள். உதிரும் செந்துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தொட்ட மென்துணியால் நெடுக்காகத் துடைத்து, வருவதை மட்டும் எடுங்கள். கறுப்பு அடியைச் சுரண்ட வேண்டாம். பிறகு ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரெனசான்ஸ் மெழுகைச் சேகரிப்பாளர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். பித்தளைக்கு உலர்ந்த துணி போதும், மெருகுத் திரவம் எதுவும் வேண்டாம். கைப்பிடித் தோலில் சமையல் எண்ணெயோ ஷூ பாலிஷோ தடவாதீர்கள். எண்ணெய் இறங்கினால் தோல் ஊறிப்போய் இன்னும் சீக்கிரம் உதிரும், பக்கத்துக் கம்பியிலும் பச்சைக் களிம்பு கட்டும்.

அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்புக்கு நிம்மதி. ஈரம் கூடிய ஊர்களில் வாளை உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்றில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் அலகு அரிக்கும். உறையையும் வாளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைப்பது நல்லது.

விற்றவர் சொன்ன விவரம், குடும்பத்தின் பெயர், வாங்கிய ரசீது, அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வாளோடு வையுங்கள். அடுத்த சொந்தக்காரர் அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுப்பார். அந்த விவரங்களை நினைவாக அலகிலேயே பொறித்துவைக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.